பங்கின் விலையும் பெறுமதியும்

சோழர்காலக் கோயிற் கல்வெட்டுக்களைப் படிப்போர் 'சாவா மூவாப் பேராடு' என்னுந் தொடரை அடிக்கடி காண்பர். கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் நந்தா விளக்கொன்றை வைக்க விரும்பியவர் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளந்து வருவார். கிழடு கழியக் குட்டி அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் தொகை குறையாது. ஆகவே அம்மந்தை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. விளக்கும் சந்திரரும் சூரியரும் உள்ளவரை எரியும் என்பது வைத்தவரின் எண்ணம்.

இவ்வழக்கத்தினுள்ளே ஆழ்ந்த பொருளியற் கருத்தொன்று அடங்கியுள்ளது. முடிவின்றி வந்துகொண்டிருக்கும் ஒரு பயனை முடிவுள்ள ஒரு முதலால் வாங்கலாம் என்பதே அது. நாள்தோறும் ஓர் உழக்கு நெய், எல்லையற்ற காலத்துக்கு. அதன் விலை 96 ஆடு. காசாக வைத்த முதலுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்காற் காசு, அஃதாவது எட்டிலொரு கூறு, வட்டியாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஆண்டுக்கு ஒரு காசு என்றென்றும் வரவேண்டுமென்று விரும்பியவர் எட்டுக் காசு முதலாக வைத்தல் வேண்டும்.

இக்காலத்துக் கம்பனியொன்றின் பங்கை மதிப்பிடும் முறையும் இக்கருத்தின் வழிப்பட்டதே. பங்கு வாங்குதல் ஒரு காலத்திற் கொழும்பு வணிகருக்கும் தோட்டத் துரைமாருக்கும் உரிய தொழிலாயிருந்தது. இன்றோ ஓய்வுபெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் தம் வாழ்நாட் சேமிப்பில் ஒரு கூற்றைப் பங்குகளில் இடுகின்றனர். அவருட் பலர் கேட்கும் வினா, 'இப்பங்கு ஏறுமா, இறங்குமா?' என்பது. அதற்கு உறுதியாக விடை கூற எவராலும் இயலாது. 'இப்பங்கு இவ்விலை பெறுமா?' என்னும் வினாவுக்கோ ஓரளவு விடை உண்டு. அவ்விடையைத் தேடும் வழியைப் பள்ளிக்கூடக் கணக்கு மட்டும் அறிந்தாரும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கினால் வரும் பயன்

கம்பனியொன்றின் சாதாரண பங்கை வைத்திருப்பவர் அக்கம்பனியின் உடைமையில் ஒரு கூறு உடையவர். கடன் கொடுத்தவருக்கு வட்டியும், முன்னுரிமைப் பங்குடையோருக்கு அவர்தம் நிலையான கூறும் கொடுத்தபின் எஞ்சும் இலாபமே சாதாரண பங்குதாரருக்கு உரியது. எஞ்சியதில் ஒரு பகுதியைக் கம்பனி தொழிலை விரிக்கும் பொருட்டு வைத்துக்கொள்ளும். மற்றப் பகுதியைப் பங்கிலாபமாகப் பகிர்ந்தளிக்கும்.

பங்கு வாங்குவோர் இருவகைப் பயனை எதிர்பார்ப்பர். ஒன்று ஆண்டுதோறும் வரும் பங்கிலாபம். மற்றது பின்னொரு நாள் கூடிய விலைக்கு விற்றல். இவ்விரண்டும் வெவ்வேறானவைபோலத் தோன்றும். சற்றுச் சிந்திப்போம். ஐந்தாண்டின் பின் நம்மிடமிருந்து வாங்குபவர் எதனைக் கருதி விலை கொடுப்பார்? அதன்பின் வரும் பங்கிலாபங்களையும் தாம் விற்கும்போது பெறும் விலையையும் கருதியே கொடுப்பார். அவரிடமிருந்து வாங்குபவரும் அவ்வாறே. இங்ஙனம் கைமாறிக் கைமாறிச் செல்லுங்கால், ஒருவர் பெற்ற விலை மற்றவர் கொடுத்த விலையே ஆதலின், இடையில் நிகழும் விற்பனைகளெல்லாம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இறுதியில் எஞ்சி நிற்பது கம்பனியிலிருந்து பங்குதாரர் கைக்கு வரும் பணம் ஒன்றே. எனவே, பங்கொன்றின் பெறுமதியாவது அதன் வருங்காலப் பங்கிலாபங்கள் அனைத்தினதும் இன்றைய பெறுமதியைக் கூட்டி வரும் தொகை என்க.

இக்கொள்கையை விரிவாக நிறுவியவர் அமெரிக்கரான ஜோன் பர் வில்லியம்ஸ். ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்தின் பொருட்டு அவர் எழுதிய ஆய்வு 1938ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. 1929ஆம் ஆண்டு நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்து பெருந்தொகையினரின் செல்வம் அழிந்தபின், பங்கொன்றுக்குச் சந்தை விலையினின்றும் வேறான பெறுமதி ஒன்று உண்டோ என்னும் வினா அறிஞரை வருத்திய காலம் அது.

இன்றைய ரூபாயும் நாளைய ரூபாயும்

இன்று கையிலுள்ள 100 ரூபாயும் அடுத்த ஆண்டு வரவிருக்கும் 100 ரூபாயும் சமமானவை அல்ல. ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் வருவாய் தரும் இடமொன்று நமக்கு உண்டெனின், இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு 110 ரூபாயாகும். அதற்கடுத்த ஆண்டு 121 ரூபாயாகும். ஆகவே அடுத்த ஆண்டு வரும் 110 ரூபாயின் இன்றைய பெறுமதி 100 ரூபாய். இரண்டாண்டின் பின் வரும் 121 ரூபாயின் இன்றைய பெறுமதியும் அதே 100 ரூபாய். கூட்டுவட்டிக் கணக்கைத் தலைகீழாகச் செய்தலன்றி இதில் வேறொன்றும் இல்லை.

எத்தனை வீதத்தைக் கொண்டு இவ்வாறு கழிப்பது? அதனையே 'வேண்டும் வருவாய் வீதம்' என்பர். அஃது இரு கூறுடையது. அரசாங்கத்தின் கடன்பத்திரம் போன்ற ஓரிடத்திற் பணத்தை இட்டால் அதிக அச்சமின்றி எத்தனை வீதம் பெறலாமோ அது முதற் கூறு. பங்கிலாபம் வரினும் வரும், வாராதொழியினும் ஒழியும் என்னும் ஐயத்தைச் சுமப்பதற்காக அதற்கு மேலே நாம் கேட்கும் மிகை இரண்டாங் கூறு. கிணற்று நீர் பாயும் தோட்டத்துக்கும் மழையை நம்பி விதைக்கும் வயலுக்கும் ஒரே குத்தகை பேசுவார் எங்கணும் இல்லை. அவ்வாறே உறுதி குன்றிய வருவாய்க்கு வீதம் கூட வேண்டும். வீதம் கூடப் பெறுமதி குறையும்.

வாய்பாடு

ஆண்டுதோறும் மாறாத ஒரே தொகை என்றென்றும் வருமாயின் கணக்கு மிக எளிது. அத்தொகையை வேண்டும் வீதத்தால் வகுத்தால் பெறுமதி கிடைக்கும். மேலே கண்ட எட்டுக் காசுக் கணக்கு இவ்வகையினது. பிரித்தானிய அரசு 18ஆம் நூற்றாண்டிலிருந்து வெளியிட்ட 'கொன்சொல்' என்னும் கடன்பத்திரங்களும் இவ்வகையினவே. முதலைத் திருப்பித் தரும் நாள் குறியாது வட்டி மட்டும் தந்துவந்த அவற்றுள் எஞ்சியவை 2015ஆம் ஆண்டிலேயே திருப்பிச் செலுத்தப்பட்டன.

கம்பனிப் பங்கிலாபம் பெரும்பாலும் ஒரே அளவாய் நிற்பதில்லை. நன்கு நடக்கும் கம்பனி அதனைச் சிறிது சிறிதாக உயர்த்தி வரும். கம்பனியொன்று அடுத்த ஆண்டு பங்கொன்றுக்கு 4 ரூபாய் தரவிருக்கிறது என்றும், அஃது ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் வளரும் என்றும், நாம் வேண்டும் வருவாய் நூற்றுக்கு 13 வீதம் என்றும் கொள்வோம். பங்கிலாபம் முறையே 4 ரூபாய், 4 ரூபாய் 20 சதம், 4 ரூபாய் 41 சதம் என உயர்ந்து செல்லும். அவற்றின் இன்றைய பெறுமதியோ முறையே 3 ரூபாய் 54 சதம், 3 ரூபாய் 29 சதம், 3 ரூபாய் 6 சதம் எனக் குறைந்து செல்லும். ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முன்னுள்ளதன் 113இல் 105 கூறாக இருத்தலின் இது பெருக்கல் விருத்தி ஆகும். முதலுறுப்பை, ஒன்றிலிருந்து பொதுவிகிதத்தைக் கழித்து வந்த எண்ணால் வகுத்தால், முடிவிலி வரையான கூட்டுத்தொகை வரும் என்பதை மேல்வகுப்பிற் படித்தோர் மறந்திரார். இங்கே முதலுறுப்பு 113இல் 400. ஒன்றிலிருந்து பொதுவிகிதத்தைக் கழித்தது 113இல் 8. முன்னதைப் பின்னதால் வகுக்க, 113 அடிபட்டுப்போய் 400ஐ 8ஆல் வகுத்த 50 ரூபாய் எஞ்சும். முடிவில்லாத் தொடர் முடிவுள்ள எண்ணாக அடங்கியவாறு காண்க.

இதனைப் பொதுவிதியாக எழுதினால்:

பெறுமதி = அடுத்த ஆண்டுப் பங்கிலாபம் ÷ (வேண்டும் வருவாய் வீதம் − வளர்ச்சி வீதம்)

இதன் வித்து வில்லியம்ஸின் நூலிலேயே உண்டு. எனினும் மைரன் கோடன் என்பவர் ஈலை ஷப்பிரோவுடன் சேர்ந்து 1956ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையினாலும், பின்னர் 1962ஆம் ஆண்டு தாமே வெளியிட்ட நூலினாலும் இது பரவியமையின் 'கோடன் வாய்பாடு' என்றே பெயர் பெற்றது.

விடை சரியோ என்று பார்க்க ஒரு வழி உண்டு. பங்கை 50 ரூபாய்க்கு வாங்கினோம். ஓராண்டில் 4 ரூபாய் பங்கிலாபம் வந்தது. இட்ட முதலுக்கு அது 8 வீதம். அப்பொழுது அடுத்து வரவிருக்கும் பங்கிலாபம் 4 ரூபாய் 20 சதம் ஆதலின், அதே வாய்பாட்டின்படி பங்கின் பெறுமதி 52 ரூபாய் 50 சதம். இவ்வேற்றம் 5 வீதம். எட்டும் ஐந்தும் பதின்மூன்று. நாம் வேண்டிய வீதம் இதுவே.

ஒன்றை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். வாய்பாட்டில் இடவேண்டியது இனி வரும் பங்கிலாபம். சென்ற ஆண்டு கொடுத்து முடிந்தது அன்று. 4 ரூபாய் என்பது சென்ற ஆண்டுத் தொகையாயின், அதனை முதலில் 5 வீதத்தால் உயர்த்தி 4 ரூபாய் 20 சதம் ஆக்கியே வகுத்தல் வேண்டும். அப்போது விடை 52 ரூபாய் 50 சதம் ஆகும்.

சிறு வித்தியாசத்தின் வலிமை

வாய்பாடு எளிது, அதனைக் கையாளுதல் எளிதன்று. ஏனெனில் வகுக்கும் எண் இரு வீதங்களின் வித்தியாசம். வித்தியாசம் சுருங்கச் சுருங்க விடை பெருகும். மேற்சொன்ன பங்கில் வளர்ச்சியை 5 வீதமாகக் கொண்டபோது 50 ரூபாய் வந்தது. 7 வீதமாகக் கொண்டால் 66 ரூபாய் 67 சதம். 9 வீதமாகக் கொண்டால் 100 ரூபாய். பங்கும் அதுவே, அடுத்த ஆண்டு வரும் 4 ரூபாயும் அதுவே. நம் மனத்திலுள்ள நம்பிக்கை நான்கு வீதம் கூடியமையால் பெறுமதி இருமடங்காயிற்று.

வேறொரு வகையாலும் இதனைக் காணலாம். வளர்ச்சி 5 வீதமாயின், 50 ரூபாயில் ஏறக்குறைய 26 ரூபாய் முதற் பத்தாண்டுப் பங்கிலாபங்களாலேயே வருவது. வளர்ச்சி 9 வீதமாயின், 100 ரூபாயில் 30 ரூபாயே முதற் பத்தாண்டுக்கு உரியது. எஞ்சிய 70 ரூபாயும் அதற்கு அப்பாலுள்ள, எவரும் காணாத ஆண்டுகளுக்கு உரியது. அதிக வளர்ச்சியை நம்பி அதிக விலை கொடுப்பவர் தொலைவிலுள்ள காலத்தை விலைக்கு வாங்குகிறார்.

ஆகவே அறிவுடையோர் இவ்வாய்பாட்டைத் திருப்பிப் பிடிப்பர். வளர்ச்சியைத் தாம் ஊகித்து விலை காண்பதற்குப் பதிலாகச் சந்தையில் நிற்கும் விலையை எடுத்துக்கொண்டு, அவ்விலை நியாயமாவதற்கு எத்தனை வீத வளர்ச்சி வேண்டும் என்று கேட்பர். விலைக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கை அப்போது வெளிப்படும். இதற்கு வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன்.

ஒன்பது டொலரின் கதை

அமெரிக்கன் டெலிபோன் அண்ட் டெலிகிராப் என்னும் தொலைபேசிக் கம்பனி 1922ஆம் ஆண்டு முதல் 1958ஆம் ஆண்டு வரை பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 9 டொலர் பங்கிலாபம் கொடுத்து வந்தது. இடையில் உலகப் பெருமந்தம் வந்தது. சில ஆண்டுகளிற் கம்பனி உழைத்த இலாபம் 9 டொலருக்குக் குறைந்தது. அப்பொழுதும் முன்னர்ச் சேர்த்து வைத்த மிகுதியிலிருந்து 9 டொலரைத் தவறாது கொடுத்தது. கைம்பெண்களும் முதியோரும் நம்பி வாங்கும் பங்கென அது பெயர் பெற்றது.

பங்கிலாபம் அசையவில்லை. விலையோ? 1929ஆம் ஆண்டு செப்தெம்பரில் 300 டொலருக்குச் சற்று மேலே நின்றது. 1932ஆம் ஆண்டு நடுப்பகுதியில் 75 டொலருக்கும் கீழே இறங்கியது. கணக்கின் எளிமைக்காக 300 என்றும் 75 என்றும் கொள்வோம். வேண்டும் வருவாயை 7 வீதம் என்று வைப்போம்.

விலை 300 ஆக இருக்கையில் 9 டொலர் என்பது அதில் 3 வீதம். ஏழிலிருந்து மூன்றைக் கழிக்க நான்கு. அஃதாவது பங்கிலாபம் என்றென்றும் ஆண்டுக்கு 4 வீதம் வளரும் என்று நம்பினாலன்றி 300 டொலர் தகாது. விலை 75 ஆக இருக்கையில் 9 டொலர் என்பது 12 வீதம். ஏழிலிருந்து பன்னிரண்டைக் கழிக்க ஐந்து குறைவு. அஃதாவது பங்கிலாபம் என்றென்றும் ஆண்டுக்கு 5 வீதம் தேய்ந்துகொண்டே போகும் என்று அஞ்சினாலன்றி 75 டொலருக்கு விற்றல் தகாது. மூன்றாண்டுக்குள் சந்தை ஒரே பங்கைப் பற்றி இவ்விரு தீர்ப்புக்களையும் கூறியது. நடந்ததோ இரண்டும் அல்ல: மேலும் 26 ஆண்டுகள் அதே 9 டொலர் வந்துகொண்டிருந்தது. வளர்ச்சியே இல்லாத 9 டொலருக்கு 7 வீதத்தில் உரிய பெறுமதி ஏறக்குறைய 129 டொலர்.

1929இல் 300 டொலர் கொடுத்தவர் நல்ல கம்பனியையே வாங்கினார். நம்பிய கம்பனி அவரைக் கைவிடவுமில்லை. வாராத வளர்ச்சிக்கு முற்பணம் கொடுத்தமையே அவருக்கு நேர்ந்த இழப்பு. நல்ல கம்பனி என்பதும் நல்ல கொள்முதல் என்பதும் இருவேறு செய்திகள் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு அரிது.

வளர்ச்சி எங்கிருந்து வருகிறது?

வளர்ச்சி வீதத்தை நாம் விரும்பியவாறு எழுதிக்கொள்ளலாகாது. இடையர் எல்லாக் குட்டிகளையும் விற்றுவிட்டால் மந்தை பெருகாது. சிலவற்றை வளர்க்க விட்டால் பெருகும். கம்பனியும் அத்தகையதே. இலாபத்தில் எத்தனை கூற்றை உள்ளே வைத்துக்கொள்கிறது, அவ்வாறு வைத்த முதலால் எத்தனை வீதம் உழைக்கிறது என்னும் இரண்டையும் பெருக்கி வருவதே வளர்ச்சி வீதம் என்பது கோடன், ஷப்பிரோ இருவரும் காட்டிய வழி.

ஒரு கம்பனி பங்கொன்றுக்கு 10 ரூபாய் உழைத்து, 6 ரூபாய் பகிர்ந்து, 4 ரூபாயை உள்ளே வைக்கிறது என்போம். வைத்த முதலில் 15 வீதம் உழைக்குமாயின், நூற்றுக்கு 40 கூறு வைத்தமையால் வளர்ச்சி 6 வீதம். நாம் வேண்டும் வருவாய் 14 வீதமாயின் பெறுமதி, 6 ரூபாயை 8 வீதத்தால் வகுத்த 75 ரூபாய். எதையும் உள்ளே வையாது 10 ரூபாயையும் பகிர்ந்திருப்பின் வளர்ச்சி இல்லை. பெறுமதி 71 ரூபாய் 43 சதம். ஆகவே இங்கு வைத்தமையால் நன்மை உண்டு.

வைத்த முதல் 8 வீதமே உழைக்குமாயின்? வளர்ச்சி 3.2 வீதம், பெறுமதி 55 ரூபாய் 56 சதம். கம்பனி வளர்கிறது, கட்டடங்கள் எழுகின்றன, ஆண்டறிக்கையிற் படங்கள் பெருகுகின்றன. பங்குதாரர் செல்வமோ குறைகிறது. பங்குதாரர் வேறிடத்தில் 14 வீதம் பெறத்தக்க பணத்தைக் கம்பனி தன்னிடம் வைத்து 8 வீதத்துக்கு உழைப்பிக்கிறது. வேண்டும் வீதத்துக்கு மேல் உழைக்கும் வளர்ச்சியே பெறுமதியை உயர்த்தும். அதற்குக் கீழே உழைக்கும் வளர்ச்சி பெறுமதியைத் தின்னும்.

'என்றென்றும்' என்னும் சொல்

இவ்வாய்பாட்டில் மறைந்து நிற்கும் மிகப் பெரிய சொல் 'என்றென்றும்' என்பது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602ஆம் ஆண்டு தோன்றியது. 1610ஆம் ஆண்டு தன் பங்குதாரருக்குச் சாதிபத்திரியையும் மிளகையும் பங்கிலாபமாக அளந்தது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1795ஆம் ஆண்டு வரை ஆண்டதும் அக்கம்பனியே. கோட்டை கட்டி நாடாண்ட கம்பனியும் 1799ஆம் ஆண்டுடன் இல்லையாயிற்று. நம் நாட்டில் 1896ஆம் ஆண்டு கொழும்பிற் பங்குத் தரகர் சங்கம் தோன்றியபோது பெரிதும் கைமாறியவை தோட்டக் கம்பனிப் பங்குகள். தேயிலை உள்ளவரை பங்கிலாபம் உண்டென்று வாங்கியோர் பலர். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. தேயிலை நின்றது, பங்கிலாபம் நிற்கவில்லை.

அன்றியும், வளர்ச்சி வீதம் வேண்டும் வீதத்துக்குச் சமமானாலும் மேற்பட்டாலும் வாய்பாடு பயன்படாது. தொடர் ஒரு தொகையில் அடங்காது ஓடும். 1738ஆம் ஆண்டு டானியேல் பேர்னூலி ஆராய்ந்த ஒரு சூதாட்டம் இத்தகையது. கணக்கின்படி அதன் எதிர்பார்ப்பு எல்லையற்றது. ஆயினும் அதில் ஆட எவரும் பெருந்தொகை கொடார். அப்புதிரையும் வேகமாக வளரும் கம்பனிகளின் பங்கையும் ஒப்பிட்டு 1957ஆம் ஆண்டு டேவிட் டியூராண்ட் என்பார் கட்டுரை எழுதினார். எக்கம்பனியும் நாட்டின் பொருள்வளத்தினும் விரைவாக என்றென்றும் வளர இயலாது. இயலுமாயின் ஒருநாள் நாடே அக்கம்பனிக்குள் அடங்கிவிடும். இளங்கம்பனியொன்று சில ஆண்டு விரைந்து வளருமாயின், அவ்வாண்டுகளின் பங்கிலாபங்களைத் தனித்தனியே கணித்து, வளர்ச்சி நிதானப்பட்ட பின்னரே வாய்பாட்டைக் கையாளுதல் முறை.

வேண்டும் வீதமும் நிலையான பொருள் அன்று. இலங்கையில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலின் வருவாய் 2020ஆம் ஆண்டு இறுதியில் 5 வீதத்துக்கும் கீழே இருந்தது. 2022ஆம் ஆண்டு இறுதியில் 30 வீதத்துக்கும் மேலே ஏறியது. பின்னர் மீண்டும் இறங்கியது. 30 வீதம் என்றென்றும் நிலைக்கும் என்று கணக்கிட்டவருக்கு எப்பங்கும் விலை பெறாததாய்த் தோன்றியிருக்கும். 5 வீதம் என்றென்றும் நிலைக்கும் என்று கணக்கிட்டவருக்கு எல்லாப் பங்கும் மலிவாய்த் தோன்றியிருக்கும். நீண்டகாலக் கணக்குக்கு நீண்டகால வீதமே உரியது. மேலும், 2022 செப்தெம்பரில் கொழும்பிற் பணவீக்கம் 70 வீதத்தை அண்டியது. விலைவாசி ஏற்றத்தை உள்ளடக்கிய வருவாய் வீதத்தைக் கொள்வோமாயின், வளர்ச்சியையும் அவ்வேற்றத்தை உள்ளடக்கியே கொள்ளல் வேண்டும். ஒன்றில் அதனை நீக்கினால் மற்றதிலும் நீக்கல் வேண்டும். இரண்டையும் கலந்தால் விடை பொய்க்கும்.

பரிசு நிதியங்களுக்கும் இதுவே கணக்கு

இவ்வாய்பாடு பங்கு வாங்குவோருக்கு மட்டும் உரியதன்று. கல்லூரிகளில் மறைந்த பெரியோர் பெயரால் நிறுவப்பட்ட பரிசு நிதியங்கள் பல உள. 1,000 ரூபாய் முதலை 5 வீதத்துக்கு வைத்து ஆண்டுக்கு 50 ரூபாய் பரிசளிக்கும் நிதியம் ஒரு காலத்தில் மாணவன் ஒருவனுக்கு ஓராண்டுப் புத்தகங்களை வாங்கித் தந்தது. இன்று அத்தொகைக்கு ஒரு நல்ல அப்பியாசக் கொப்பியும் கிடையாது. முதல் அழியவில்லை, வட்டி தவறவில்லை, பரிசோ பெயரளவில் நிற்கிறது. நிறுவியவர் விளக்கு எரிகிறது, வெளிச்சம் இல்லை. வளர்ச்சி வீதத்தைக் கணக்கிற் சேர்க்காமையே காரணம்.

ஆண்டுக்கு 10,000 ரூபாய் பரிசு. நிதி உழைப்பது 10 வீதம். விலைவாசிக்கு ஏற்பப் பரிசு ஆண்டுதோறும் 6 வீதம் உயர வேண்டும் என்று கொள்வோம். உயராத பரிசுக்கு 1,00,000 ரூபாய் முதல் போதும். உயரும் பரிசுக்கோ 10,000ஐ 4 வீதத்தால் வகுத்த 2,50,000 ரூபாய் வேண்டும். முதலாண்டில் நிதி 25,000 ரூபாய் உழைக்கும். 10,000 ரூபாய் பரிசுக்குப் போக, எஞ்சிய 15,000 முதலோடு சேர்ந்து 2,65,000 ஆகும். அடுத்த ஆண்டு 26,500 ரூபாய் உழைக்கும்; பரிசு 10,600 ரூபாய். இங்ஙனம் பரிசும் முதலும் கைகோத்து 6 வீதம் உயர்ந்து செல்லும். உழைத்த 25,000 ரூபாயையும் முதலாண்டே செலவிட விரும்புவோர்க்கு 15,000 ரூபாயை ஏன் திருப்பி வைக்க வேண்டும் என்பது விளங்காது. குட்டியைக் கொன்று விருந்திட்டால் மறு ஆண்டு மந்தை என்னாகும் என்பதே அதற்கு விடை.

பங்கு வாங்குவோரும், நிதியம் வைப்போரும், பிறர் பணத்தைப் பொறுப்பேற்றுக் காப்போரும் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. இனி வரவிருக்கும் தொகை எவ்வளவு? அத்தொகை எதனால் வளரும், எத்துணைக் காலம் வளரும்? அந்த ஐயத்தைச் சுமப்பதற்கு நான் வேண்டும் வீதம் யாது? மூன்றுக்கும் நேர்மையாக விடையெழுதி, வளர்ச்சியை ஒரு வீதம் குறைத்தும் ஒரு வீதம் கூட்டியும் கணித்துப் பார்த்தல் வேண்டும். வரும் இரு விடைகளுக்கும் இடையே பெருவெளி இருக்குமாயின், அவ்வெளியே நாம் சுமக்கவிருக்கும் ஐயத்தின் அளவு. வாழ்நாள் உழைப்பின் பயனை இட முன்னர் இவ்வளவு கணக்கைச் செய்தற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு தாளும் போதும்.